வினிகரில் போட்ட இழைப்புளி மறுபடி துருப்பிடிக்கிறது

மரத்தூள்: பழைய 5 நம்பர் இரும்பு இழைப்புளி, 14 அங்குலம். துரு போக வினிகரில் இரண்டு நாள் ஊறவைத்தேன். துரு போச்சு, ஆனால் உடம்பெல்லாம் கறுப்பு. கழுவித் துடைத்த அரை மணி நேரத்தில் மறுபடி பழுப்பு ஏறுது. பிளேடு முனையில் ஒரு ஓரம் நீலமா இருக்கு. தள்ளினால் மரச்சுருள் வாயிலேயே (பிளேடு வெளியே வரும் பிளவு) அடைச்சுக்குது. எங்கே தொடங்கலாம்?

உளிமுனை: இரண்டு நாள் அதிகம். வார்ப்பிரும்புக்கு ஓர் இரவு போதும். அமிலம் இரும்பைத் தின்றபின் மிஞ்சும் கரிதான் அந்தக் கறுப்பு. பித்தளை பிரஷ்ஷில் தேய்த்தால் வரும். நுண்துளைகளில் தங்கிய அமிலம் தண்ணீரில் மட்டும் போகாது. 1 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து 15 நிமிஷம் போடுங்க. வெந்நீரில் அலசி, சூடு ஆறும் முன்னே துடைத்து, உடனே தையல் மிஷின் எண்ணெய். ஆளி விதை எண்ணெய் அடிப்பாகத்துக்கு வேண்டாம், காய்ந்து பிசுக்காகிவிடும்.

நீலம்தான் கவலை. கிரைண்டரில் சூடேறி அந்த இடத்தில் பதம் (எஃகின் கடினம்) போயிருக்கு, 300 டிகிரிக்குப் பக்கத்தில் அந்த நிறம் வரும். எமரியில் தேய்த்தால் நிறம் போகும், பதம் திரும்பாது. (சந்தையில் பளபளவென்று விற்கும் பழைய பிளேடுகளில் இதையும் பாருங்க.) முனையில் அரத்தை லேசாக ஓட்டுங்க: வழுக்கினால் பதம் இருக்கு, கடித்தால் இல்லை. கடிக்கிற தூரம் வரை அரைத்துத் தள்ளணும். நொடிக்கொரு தரம் தண்ணீரில் தோய்த்து, விரல் தாங்குகிற சூட்டிலேயே.

சாணைக்கல்: பிளேடு முனையின் சரிவு 25 டிகிரி. அளவுகோல் தேவையில்லை: பிளேடு 2 மி.மீ. தடிமன் என்றால் சரிவின் நீளம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, 4 மி.மீ. வந்தால் 30 டிகிரி ஆகிவிட்டது. கல்லில் தீட்டும்போது பின்பக்கம் முழு அகலத்துக்கும் பிசிறு தட்டுப்படும் வரை விடாதீங்க. பிறகு பின்பக்கத்தைக் கல்லில் படுக்கப் போட்டு அந்தப் பிசிறை எடுங்க. அங்கே தூக்கிப் பிடித்தால் எல்லாம் வீண்.

அடிப்பாகத்தையும் கண்ணாடியின் மேல் 80 நம்பர் எமரி ஒட்டித் தேய்த்து முழுக்கச் சமப்படுத்திடுங்க.

உளிமுனை: முழுக்க எதுக்கு? முன்நுனி, வாயின் முன்விளிம்பு, வால் இந்த மூணும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். நடுவில் பள்ளம் இருந்தாலும் இழைக்கும். மார்க்கரில் குறுக்குக்கோடு போட்டுத் தேய்த்தால் எது படுதுன்னு தெரியும். பிளேடை 3 மி.மீ. உள்ளே இழுத்து, பூட்டி வைத்தே தேய்க்கணும். பூட்டும் இறுக்கத்தில் உடம்பு கொஞ்சம் வளையும்.

மரத்தூள்: நீலம் அரைத்தாச்சு, துருவும் நின்னுடுச்சு. சுருள் இன்னும் அடைக்குது. பிளேடையும் மேல்தகட்டையும் (பிளேடின்மேல் பூட்டும், சுருளை முறிக்கும் தகடு) சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடையில் மெல்லிசா கோடு தெரியுது.

சாணைக்கல்: அந்தக் கோடுதான் வில்லன், அதில் சுருள் நுழைஞ்சு சிக்குது. மேல்தகட்டின் உள்பக்க முனையை மட்டும் கல்லில் வைத்து, வாலைக் கல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்துத் தேயுங்க. நுனிக்கோடு மட்டும் பிளேடில் உட்காரும். வெளிச்சம் மறைந்ததும், கடைசி இழைப்புக்கு மேல்தகட்டை பிளேடு முனையிலிருந்து அரை மி.மீ. தள்ளிப் பூட்டுங்க. முரட்டு வேலைக்கு ஒன்றரை.