ஐந்து வயதுக் குழந்தையின் ஆயில் படம் பெரிய பெண் போலத் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?

குடியாத்தம் தூரிகை:
வணக்கம். குடியாத்தத்தில் பெயர்ப்பலகை வேலை செய்துகொண்டே ஆயில் கலரில் படமும் வரைகிறேன். முன்பணம் வாங்கி வரையும் முதல் குழந்தைப் படம் இது. ஐந்து வயதுப் பெண் குழந்தை, ஆரணிப் பட்டுப் பாவாடை, இடுப்பு வரைக்கும், 18க்கு 24 அங்குல கேன்வாஸ். அடுத்த மாதம் ரத்தினகிரியில் காதுகுத்து, அன்றைக்குக் கையில் கொடுக்க வேண்டும். நேற்று குழந்தையின் பாட்டி வந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கண்ணு மூக்கெல்லாம் நம்ம பாப்பாதான். ஆனா எட்டாவது படிக்கிற பொண்ணு மாதிரி இருக்காளே" என்றார். அவர் சொன்னது உண்மைதான், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. எங்கே தவறினேன் என்றுதான் புரியவில்லை.

இன்னும் இரண்டு தொல்லை. "கொஞ்சம் கலரா போடுங்க" என்று அப்பா கேட்டதால் கன்னத்தில் வெள்ளை சேர்த்தேன், சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது. தலைமுடியும் முகத்தின் நிழல் பக்கமும் காய்ந்தபின் திட்டுத் திட்டாக மங்கிக் கிடக்கின்றன.

வாலாஜா டிராயிங் டீச்சர்:
தம்பி, முதலில் ஸ்கேல் எடுங்கள். உச்சந்தலையிலிருந்து கண் வரை எவ்வளவு, கண்ணிலிருந்து முகவாய் வரை எவ்வளவு? முடியின் உப்பலைச் சேர்க்க வேண்டாம். போட்டோ எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது?

குடியாத்தம் தூரிகை:
இரண்டும் மூன்றரை அங்குலம், டீச்சர். கண் பாதியில் வர வேண்டும் என்று கற்றிருந்தேன், அந்தக் கணக்கில் வைத்தேன். போட்டோ அவள் அம்மா போனில் எடுத்தது. கைக்கெட்டும் தூரம்தான்.

வாலாஜா டிராயிங் டீச்சர்:
கோளாறு அதில்தான். பாதிக்குப் பாதி பெரியவர்கள் கணக்கு. ஐந்து வயதில் மண்டை பெரும்பாலும் வளர்ந்திருக்கும், மூக்கும் தாடையும் இன்னும் வளரவில்லை. அதனால் கண் பாதிக்குக் கீழே இறங்கி நிற்கும், நடுக்கோட்டில் புருவம் வரும். போன் அவ்வளவு கிட்டே இருந்தால் மூக்கு முன்னால் நீண்டு காது பின்னால் போய்விடும். அந்த நீண்ட மூக்கும் வயதைக் கூட்டிவிட்டது.

கண்ணைத் தொடாதீர்கள், சாயல் பிடித்திருக்கிறது. உச்சியைக் கால் அங்குலம் ஏற்றுங்கள், முகவாயைக் கால் அங்குலம் குறையுங்கள். மேலே மூன்றே முக்கால், கீழே மூன்றேகால். தலையின் மொத்த அளவு மாறாது. படம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தால் டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, புதுக் கோட்டை அதில் போட்டுப் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வயது குறைவது தெரியும். முகவாயை மூடும் முன் பழைய சாயத்தின் மேடு தெரிகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். இருந்தால் பிளேடால் மெதுவாகச் சுரண்டிச் சமமாக்குங்கள். விட்டால் பின்னாளில் அந்தக் கோடு எட்டிப் பார்க்கும்.

மூக்குத் தண்டின் வெள்ளை மினுக்கையும், மூக்கிலிருந்து வாய் ஓரம் இறங்கும் கோட்டையும் மழுக்கிவிடுங்கள். ஐந்து வயதிலேயே கருவிழி கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவு. சின்ன முகத்தில் அது பெரிதாகத் தெரியும், கண்ணின் வெள்ளை கொஞ்சமே தெரியும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

முடிந்தால் குழந்தையை நேரில் பாருங்கள். காலையில் நிழலான திண்ணையில் உட்காரவைத்து, நீங்களும் அவள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, ஏழெட்டு அடி தள்ளிப் போட்டோ எடுங்கள்.

பாலாற்றங்கரை:
தம்பி, மாநிற முகத்தில் வெள்ளை சேர்த்தால் சாம்பல்தான் வரும். கன்னம் காய்ந்தபின் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் துளி கிரிம்சன் சிவப்பு கலந்து, லின்சீட் (ஆளி விதை) எண்ணெயில் மெல்லிய பூச்சாகக் கொடு. ரத்த ஓட்டம் திரும்ப வரும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் போதும். நெற்றி மினுக்கில் வானத்தின் நீலம் துளி இருக்கட்டும். அவள் அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடு. பாப்பா இருபது வயதில் இந்தப் படத்தைப் பார்க்கும்போது தன் நிறத்தைத்தான் தேடுவாள். நான் 2 படத்தில் வெளுப்பாக்கிக் கொடுத்தேன். இன்று வரை அந்த வீடுகளுக்குப் போனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திட்டு விழுந்ததற்குக் காரணம், அம்பரில் டர்பன்டைன் அதிகம். எண்ணெயைக் கேன்வாஸ் குடித்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் லின்சீட் எண்ணெயை விரலால் மெல்லத் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்துப் பஞ்சு ஒட்டாத துணியால் முழுக்கத் துடைத்துவிடு. நிறம் எழுந்துவிடும். இனிமேல் மேல் பூச்சில் எண்ணெய் கீழ்ப் பூச்சைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மாறினால் பின்னாளில் சாயம் வெடிப்பு விடும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. லின்சீட் எண்ணெய்த் துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். வேலூர் வெயிலில், ஷீட் கூரைக்கடியில் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் முக்கி வை.

குடியாத்தம் தூரிகை:
டீச்சர், அண்ணா, இருவருக்கும் நன்றி. நேரில் போய் வரைந்தேன். டிரேசிங் பேப்பரில் முகவாய் ஏறியதுமே பாப்பா வந்துவிட்டாள். அவள் அப்பாவிடமும் பேசினேன். முதலில் முகம் சுருங்கியது, பிறகு சரி என்றார். பாப்பாவே படத்தைப் பார்த்துவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டு, "இங்க மை பொட்டு எங்கே?" என்று கேட்டாள். இடது கன்னத்தில் தினமும் வைக்கும் திருஷ்டிப் பொட்டு, நான்தான் விட்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வைத்தேன். பாட்டி கேட்டுக்கொண்டபடி காதை வெறும் காதாகவே விட்டிருக்கிறேன்.

கடைசிச் சந்தேகம். வார்னிஷ் இப்போதே அடிக்கலாமா?

பாலாற்றங்கரை:
வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே காயாது. இப்போது ரீடச் வார்னிஷ், அதாவது தற்காலிகமாக அடிக்கும் லேசான வார்னிஷ், மெல்லிசாக ஒரு கை. கெட்டி வார்னிஷுக்கு 6 மாதமாவது ஆகட்டும். அதை அடிக்க நீயே வருவதாக அவர்களிடம் சொல்லி வை. கண்ணாடி போட வேண்டாம். ரத்தினகிரிக்குக் கொண்டுபோகும்போது நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி அட்டையால் மூடு, அட்டை படத்தில் படக் கூடாது.