நிலையான ஐபி கொடுத்த பிறகு டிஎன்எஸ் வேலை செய்யவில்லை, அவசர உதவி தேவை

ஈரோடு_கருவி:
வணக்கம். எங்கள் டேட்டா லாகருக்கு (அளவீடுகளைப் பதிந்து அனுப்பும் கருவி) நிலையான ஐபி (மாறாத எண் முகவரி) கொடுத்தேன். அதிலிருந்து டிஎன்எஸ் (பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) வேலை செய்யவில்லை. டிஎச்சிபியில் (ரவுட்டரே முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது. கேட்வே (வெளி வலைக்குப் போகும் வழி), சப்நெட் (உள் வலையின் எல்லை) இரண்டையும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். நாளை மறுநாள் ஆலையில் பொருத்தியாக வேண்டும் என்பதால், தெரிந்தவர்கள் விரைந்து சொல்லவும்.

மின்பலகை:
எந்த போர்டு, அதில் ஓடுவது லினக்ஸா அல்லது வெறும் மைக்ரோகண்ட்ரோலர் ஃபர்ம்வேரா (சில்லில் பதித்த நிரல்), முகவரியை எந்தக் கோப்பில் எழுதினீர்கள் என்பவை எதுவும் உங்கள் பதிவில் இல்லை. எண் முகவரிக்கு பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறதா, பெயருக்குப் போகவில்லை என்றால் திரையில் என்ன செய்தி வருகிறது என்பதையும் அப்படியே எழுதுங்கள்.

சில்லு_விரும்பி:
லாகர் என்கிறார், ஆகவே பெரும்பாலும் ஈஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகண்ட்ரோலராகத்தான் இருக்கும். ஆர்டுயினோ சூழலில் வைஃபை.கான்ஃபிக் என்ற அழைப்புக்கு முதல் மூன்று மதிப்புகளாக ஐபி, கேட்வே, சப்நெட் ஆகியவற்றைக் கொடுப்போம். நான்காவதும் ஐந்தாவதும்தான் டிஎன்எஸ். அவ்விரண்டையும் விட்டுவிட்டாலும் நிரல் பிழை காட்டாமல் கம்பைல் ஆகிவிடும், வைஃபையும் இணைந்துவிடும், எண் முகவரிகளும் எட்டும், பெயர் மட்டும் கிடைக்காது. பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைவிட மோசமானது, வைஃபையில் எழுதிய வரியை ஈதர்நெட் நூலகத்துக்கு அப்படியே நகலெடுப்பது. ஈதர்நெட்.பிகின் கேட்கும் வரிசை மேக் (கருவியின் வன்பொருள் முகவரி), ஐபி, டிஎன்எஸ், கேட்வே, சப்நெட் என்பதாகும். பழைய வரிசையில் கொடுத்தால் கேட்வே முகவரி டிஎன்எஸ் இடத்திலும், 255.255.255.0 கேட்வே இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாமே ஐபி வகை மதிப்புகள் என்பதால் கம்பைலர் வாயே திறக்காது. டிஎன்எஸ்ஸைச் சொல்லாமலே விட்டால், அந்த நூலகம் உங்கள் ஐபியின் கடைசி எண்ணை 1 ஆக மாற்றி அதையே டிஎன்எஸ் என்று எடுத்துக்கொள்ளும். ரவுட்டர் முகவரி .1 என்று முடியும் வீடுகளில் ஓடிய நிரல், .254 என்று முடியும் அலுவலகத்தில் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

மூத்த_வலையன்:
தம்பி, டிஎன்எஸ் என்பது 1987-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இரண்டு இணைய நெறிமுறை ஆவணங்களில் எழுதிவைக்கப்பட்ட விஷயம். அவற்றை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்தவர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கமாட்டார். இதே கேள்விக்கு நான் இங்கே பல முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடும் வசதி எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை. டிஎன்எஸ் கேள்விகள் போகும் 53-ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழுதுநீக்கி:
ஐயா, 53-ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் டிஎச்சிபியில் மட்டும் எப்படி வேலை செய்தது?

மூத்த_வலையன்:
டிஎச்சிபியில் ரவுட்டர் தன்னையே டிஎன்எஸ்ஸாகச் சொல்லியிருக்கும். நிலையான ஐபிக்கு மாறியதும் இவர் எல்லோரையும் போல கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று போட்டிருப்பார். வெளியே போகும் 53-ஐ அடைத்தால் முதலாவது வேலை செய்யும், இரண்டாவது செய்யாது. இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

பழுதுநீக்கி:
நடக்கக்கூடியதுதான். ஆனால் அவர் 8.8.8.8 என்று போட்டார் என்பதை அவர் சொல்லவே இல்லை. என் ஊகம் வேறு. பில்ட்ரூட் போன்ற சிறிய லினக்ஸாக இருந்து, அதில் ஜிலிப்சி (நிரல்களுக்குப் பெயர் தேடித் தரும் அடிப்படை நூலகம்) இருந்தால், என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்ஸ் வரி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரை டிஎன்எஸ்ஸில் தேட வேண்டும் என்று ஜிலிப்சிக்குச் சொல்வது அந்த வரிதான். என்எஸ்லுக்கப் என்ற சோதனை நிரல் டிஎன்எஸ் சர்வரிடம் நேரடியாகக் கேட்பதால் அதில் பதில் வரும், பிங்கில் வராது.

ஈரோடு_கருவி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ஈஎஸ்பி இல்லை. போர்டு பீகிள்போன் பிளாக், லினக்ஸ் பில்ட்ரூட்டில் கட்டியது, கட்டளைகள் பிஸிபாக்ஸ். 8.8.8.8-க்கு பிங் போகிறது. பெயருக்கு அடித்தால் "பேட் அட்ரஸ்" என்று வருகிறது. /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் கோப்பில் முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ்-நேம்சர்வர்ஸ் 8.8.8.8 ஆகிய நான்கு வரிகளும் இருக்கின்றன. டிஎன்எஸ் சர்வர் முகவரி இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் கையால் எழுதினால் உடனே வேலை செய்கிறது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் எழுதியது காணாமல் போய்விடுகிறது. கோப்பு கெட்டுப்போகிறதா? எஸ்டி கார்டை மாற்ற வேண்டுமா?

மின்பலகை:
கார்டை மாற்றாதீர்கள், அதில் குறை எதுவும் இல்லை. இப்போது சொன்ன விவரம்தான் முழுக் கதையையும் சொல்லிவிட்டது. /இடிசி கோப்புறையில் எல்எஸ் -எல் அடித்து ரிசால்வ்.கான்ஃப் வரியைப் பாருங்கள். அது கோப்பாக இருக்காது. /டிஎம்பி அல்லது /ரன் கோப்புறையில் உள்ள வேறொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்காக இருக்கும். ரூட் ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று வைத்தாலும் டிஎன்எஸ் மாறக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்காக பில்ட்ரூட் இப்படி அமைத்திருக்கிறது. சுட்டப்படும் இடம் நினைவகத்தில் இருப்பது. மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போகும், ஆகவே நீங்கள் எழுதிய வரி ஒவ்வொரு முறையும் மறைகிறது.

டிஎச்சிபியில் ஏன் சரியாக இருந்தது என்றால், அங்கே யுடிஎச்சிபிசி என்ற நிரல் ரவுட்டரிடமிருந்து ஐபியோடு சேர்த்து ஆறாம் எண் ஆப்ஷனாக டிஎன்எஸ் முகவரியையும் வாங்கி, தன்னுடன் வரும் ஸ்கிரிப்ட் மூலம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. நிலையான ஐபிக்கு மாறியதும் அந்த நிரல் ஓடுவதில்லை, அதன் வேலையை எடுத்துச் செய்ய வேறு யாரும் இல்லை.

டிஎன்எஸ்-நேம்சர்வர்ஸ் வரியை டெபியன் லினக்ஸ் வழிகாட்டி ஒன்றிலிருந்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டெபியனிலேயே அந்த வரியைப் படித்துச் செயல்படுத்துவது ரிசால்வ்கான்ஃப் என்ற தனிப் பொதி. பிஸிபாக்ஸில் இன்டர்ஃபேஸை எழுப்பும் இஃப்அப் அந்த வரியைத் தவறு என்றும் சொல்லாது, அதன்படி எதையும் செய்யவும் செய்யாது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்யும்: தனக்குப் புரியாத ஒவ்வொரு வரியையும் ஒரு சூழல் மாறியாக்கி, இஃப்-அப்.டி கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்டுகளுக்குக் கொடுத்துவிடும். உங்கள் வரி ஐஎஃப்_டிஎன்எஸ்_நேம்சர்வர்ஸ் என்ற பெயரில் வந்து சேரும். எல்லாம் பெரிய எழுத்து, இடைக்கோடு இருந்த இடத்தில் அடிக்கோடு.

ஆகவே இரண்டு வழிகள் உள்ளன. டிஎன்எஸ் என்றைக்கும் மாறாது என்றால், பில்ட்ரூட்டின் ரூட்எஃப்எஸ் ஓவர்லே கோப்புறைக்குள் (இதில் இருப்பவை பில்டின் மேல் நகலெடுக்கப்படும்) இடிசி/ரிசால்வ்.கான்ஃப் என்ற உண்மையான கோப்பை வைத்து மறுபடி பில்ட் செய்யுங்கள். சிம்லிங்கின் இடத்தில் அந்தக் கோப்பு வந்துவிடும். ஆலைக்கு ஆலை மாறும் என்றால், இஃப்-அப்.டி-யில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் வையுங்கள். அந்த மாறி காலியாக இருந்தால் எதையும் தொடாமல் வெளியேற வேண்டும், இல்லையென்றால் அதில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் நேம்சர்வர் என்று தொடங்கும் ஒரு வரியை ரிசால்வ்.கான்ஃபில் எழுத வேண்டும். காலியா என்று முதலில் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் லோ (கருவி தன்னோடே பேசும்) இன்டர்ஃபேஸ் எழும்போதும் அதே ஸ்கிரிப்ட் ஓடும். ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். அதன் பெயரில் .எஸ்எச் போன்ற வால் வேண்டாம். பெயரில் புள்ளி இருந்தால், ஸ்கிரிப்டுகளை ஓட்டும் ரன்-பார்ட்ஸ் சில பதிப்புகளில் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

யாழ்_நிரலர்:
இவ்வளவு சுற்று எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ரவுட்டரில் லாகரின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கி வைத்துவிட்டு, கருவியை டிஎச்சிபியிலேயே விட்டால் முகவரியும் மாறாது, டிஎன்எஸ்ஸும் தானாக வந்து சேரும். நாங்கள் பொருத்தும் கருவிகள் எல்லாவற்றிலும் இப்படித்தான் செய்கிறோம்.

ஈரோடு_கருவி:
ஆலையின் ரவுட்டரைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுடைய ஸ்காடா (ஆலைக் கண்காணிப்பு மென்பொருள்) மோட்பஸ் டிசிபி என்ற நெறிமுறை வழியாக 502-ஆம் போர்ட்டில் இந்த முகவரியிலேயே வந்து படிக்கிறது. அதனால்தான் நிலையான ஐபி.

பழுதுநீக்கி:
ஒதுக்கீட்டு முறையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ரவுட்டர் பழுதாகி ஒரு நாள் புதிதாக ஒன்றை வைப்பார்கள். பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலை யாரும் எடுத்துவைத்திருக்கமாட்டார்கள்.

யாழ்_நிரலர்:
அப்படிப் பார்த்தால் புதிய ரவுட்டரின் முகவரியே மாறி, உங்கள் நிலையான கேட்வேயும்தான் பொய்யாகிவிடும். அதற்கு என்ன சொல்வீர்கள்?

பழுதுநீக்கி:
அப்போது இணையம்தான் போகும். ஒரே சப்நெட்டுக்குள் இருக்கும் ஸ்காடா லாகரைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கும். ஆலைக்காரருக்கு அதுதான் முக்கியம்.

சில்லு_விரும்பி:
டிஎன்எஸ்ஸே வேண்டாம் என்பது என் கட்சி. தரவு போவது ஒரே ஒரு சர்வருக்குத்தானே? அதன் எண் முகவரியை நிரலிலேயே எழுதிவிட்டால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது.

பழுதுநீக்கி:
இந்த யோசனையை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேரம் சொல்லும் சர்வரை, உலகெங்கிலும் இருந்த நெட்கியர் வீட்டு ரவுட்டர்கள் மொய்த்துக்கொண்டன. அந்த சர்வரின் எண் முகவரி ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருந்தது. பதில் வராவிட்டால் நொடிக்கு ஒரு முறை மறுபடி கேட்கும்படியும் எழுதியிருந்தார்கள். பெயரைப் பயன்படுத்தியிருந்தால் பல்கலைக்கழகம் டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவை மாற்றி வெள்ளத்தைத் திருப்பிவிட்டிருக்கலாம். எண் என்பதால் அந்த வழியும் அடைபட்டது. அதைக் கண்டறிந்த டேவ் பிளாங்கா பிறகு எழுதியதுதான் 2005-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 4085. கருவிகளுக்குள் பொது இணைய முகவரிகளைப் பதிக்காதீர்கள் என்பதுதான் அந்த ஆவணம் முழுவதும் சொல்வது.

அவ்வளவு பெரிய கதைகூட வேண்டாம். டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) பயன்படுத்தினால் சான்றிதழில் பொதுவாக இருப்பது பெயர். எண் முகவரிக்கு இணைத்தால் பெயர் பொருந்தவில்லை என்று இணைப்பு முறியும், அல்லது அந்தச் சரிபார்ப்பையே அணைத்துவிட வேண்டும்.

சில்லு_விரும்பி:
அது உலகம் முழுவதும் விற்கும் பொருளுக்கு. இவருடையது பத்துப் பதினைந்து லாகர். ஒவ்வொன்றுக்கும் ஆர்எஃப்சி படிக்கச் சொன்னால் வேலை நடக்காது.

மூத்த_வலையன்:
அவசியமென்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் எண்ணையும் ஒரு வரியாக எழுதலாம், சான்றிதழும் பொருந்தும். இது 1980-களின் தொடக்கத்தில் இணையம் முழுவதும் இருந்த வழி. ஒரே கோப்பை எல்லோரும் நகலெடுத்துக்கொள்வது தாங்காமல் போனதால்தான் டிஎன்எஸ் வந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்பலகை:
ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு தற்காலிக ஊன்றுகோலாக இருக்கலாம். சர்வரை வேறு இடத்துக்கு மாற்றும் அன்று எல்லா லாகரையும் தேடிப் போக வேண்டியிருக்கும். கேட்டவருக்கு இது தேவைப்படாது, ஸ்கிரிப்டே போதும்.

ஈரோடு_கருவிக்கு இன்னொன்று. பீகிள்போன் பிளாக்கில் கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை. மின்சாரம் போய் வந்தால் நேரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்த நிலையில் டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்கினால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பிழை வரும். நேரத்தைச் சரிசெய்ய என்டிபி வேண்டும், என்டிபி சர்வரைப் பெயரால் கொடுத்திருந்தால் அதற்கு முன் டிஎன்எஸ் வேண்டும். ஆகவே டிஎன்எஸ், நேரம், பிறகு உங்கள் நிரல் என்ற வரிசையில் கிளம்பும்படி தொடக்கத்தில் ஓடும் இனிட் ஸ்கிரிப்டுகளின் எண்களைச் சரிபாருங்கள். உங்கள் நிரல் பழைய ஜிலிப்சியில் ஓடுகிறதா என்பதையும் சொல்லுங்கள். 2.26-க்கு முந்தைய பதிப்புகளில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ரிசால்வ்.கான்ஃப் மாறியதை உணராது. அதை நிறுத்தித்தான் தொடங்க வேண்டும்.

ஈரோடு_கருவி:
எல்எஸ் அடித்துப் பார்த்தேன், /டிஎம்பி-யைத்தான் சுட்டுகிறது. ஸ்கிரிப்ட் வைத்தேன். எங்கள் பட்டறையில் ரீபூட் செய்தாலும் பெயர் கிடைக்கிறது. மற்றதை ஆலையில் பொருத்திவிட்டு எழுதுகிறேன்.

யாழ்_நிரலர்:
பொருத்தியாயிற்றா? என்ன நடந்தது என்று எழுதினால் பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

ஈரோடு_கருவி:
ஆலையில் 8.8.8.8-க்கு பிங் போகிறது, பெயர் மட்டும் வரவில்லை. அவர்களுடைய ஐடி பிரிவில் கேட்டதில், வெளி டிஎன்எஸ்ஸுக்கு அனுமதி இல்லை, ரவுட்டர் முகவரியைப் போடுங்கள் என்றார்கள். 192.168.10.1 என்பதை முன்னால் சேர்த்தேன். தரவு போகிறது. அனைவருக்கும் நன்றி.

மூத்த_வலையன்:
இதை நான் முதலிலேயே எழுதினேன்.

பழுதுநீக்கி:
ஆலையைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. பட்டறையில் இருந்த பிரச்சினை அது இல்லை. பிங் போவதற்கும் 53-ஆம் போர்ட் திறந்திருப்பதற்கும் தொடர்பில்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கலாம். முன்னது ஐசிஎம்பி, பின்னது பெரும்பாலும் யுடிபி, இரண்டும் வேறு நெறிமுறைகள்.

மின்பலகை:
"முன்னால் சேர்த்தேன்" என்றால் 8.8.8.8 இன்னும் இரண்டாவது வரியில் இருக்கிறது என்று பொருள். அதை அந்த ஆலையில் எடுத்துவிடுங்கள். ஜிலிப்சி முதல் சர்வரிடம் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் இயல்பாக 5 நொடி காத்திருந்த பிறகே அடுத்ததிடம் போகும், முழுப் பட்டியலையும் இரண்டு சுற்று முயலும். ரவுட்டர் சிறிது நேரம் ஓய்ந்தால்கூட, ஒருபோதும் பதில் தராத இரண்டாவது சர்வருக்காகவும் உங்கள் நிரல் நின்றுகொண்டிருக்கும். மோட்பஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் பெயர் தேடுவதும் ஒரே த்ரெட்டில் இருந்தால், அந்த நேரம் முழுவதும் ஸ்காடா பக்கத்தில் டைம்அவுட் காட்டும். ஆலை ஐடி பிரிவிடம் இரண்டாவது உள் டிஎன்எஸ் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் ஒரே வரியோடு விட்டுவிட்டு, ஆப்ஷன்ஸ் டைம்அவுட்:1 (ஒரு நொடி மட்டும் காத்திரு) என்ற வரியையும் அதே ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.