புதுப்பிப்பு: கோவை அலுவலகம், திருப்பூர் கிடங்கு இணைப்பு

கோவை அலுவலகத்தையும் திருப்பூர் கிடங்கையும் இணைக்க லீஸ்டு லைனா (நமக்கென்றே தனியாக வாடகைக்குத் தரும் லைன்), ஃபைபர் பிராட்பேண்டா, எது நம்பகமானது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. லீஸ்டு லைன் முதன்மை, அது நின்றால் 4ஜி மாற்று என்று முடிவாகிவிட்டது.

ஒன்று அறுந்தால் மற்றது இருக்கும் என்று இரண்டு கம்பெனி ஃபைபர் வாங்கச் சொன்னீர்கள். தெருவில் இறங்கிப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே மின்கம்பத்தில் தொங்குகின்றன. உயரமான லாரி ஒன்று இழுத்தால் இரண்டும் போய்விடும். அதனால்தான் மாற்றுக்குக் கம்பியே வேண்டாம் என்றோம். சாட்டிலைட்டும் பார்த்தோம், நாங்கள் பார்த்தது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் வகை, சிக்னல் போய்ப் பதில் வரவே அரை நொடி. எங்கள் பில்லிங்குக்கு ஒத்துவராது.

ஒப்பந்தத்தில் லைன் 99.5% நேரம் வேலை செய்யும் என்று இருந்தால் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 44 மணி நேரம் லைன் நிற்கலாம், 99.9% என்றால் 9 மணி நேரத்துக்குள். அதைவிட முக்கியம், அறுந்தால் எவ்வளவு நேரத்தில் சரிசெய்வார்கள் என்பது. அதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், ரூட்டரில் போர்ட் விளக்கு பச்சையாக எரிந்தாலும் அந்தப் பக்கம் எதுவும் போகாமல் இருக்கலாம். அதனால் கிடங்கு ரூட்டருக்கே பிங் (பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பி, பதில் வராவிட்டால் 4ஜிக்கு மாறும்படி வைத்திருக்கிறோம்.