கணக்கில விழுற காசு ஆற்ற வருமானம்? மனுசன்ர சம்பளமும் மனுசியின்ர கிரெடிட் காட்டும்

கணக்குப்பிள்ளை:
ரெண்டு நாளா வட்ஸ்அப்பில ஒரு குரல்பதிவு சுத்துது. வீட்டில இருக்கிற பொம்பிளையள் மனுசன்ர சம்பளத்தைத் தங்கட வருமானமெண்டு எழுதிக் கிரெடிட் காட் எடுக்கலாமாம், அதுக்குச் சட்டமே இருக்காம். எந்த நாட்டுச் சட்டமெண்டு மட்டும் கடைசிவரைக்கும் அந்த ஆளின்ர வாயில வரேல்லை.

நான் சொல்லுறன். அது அமெரிக்காவின்ர விதி. 2009 இல அங்க கிரெடிட் காட் சட்டம் ஒண்டு வந்தது. அதுக்கு 2011 இல எழுதின விதி, எந்த வயதுக்காரரெண்டாலும் சொந்த வருமானத்தைத்தான் பாக்கோணும் எண்டு இறுக்கிப் போட்டுது. வீட்டில இருக்கிற மனைவிமாருக்குக் காட் கிடைக்காமல் போகுதெண்டு எதிர்ப்புக் கிளம்ப, 2013 இல அங்கத்த நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் அதைத் திருத்தினது. 21 வயது நிறைஞ்ச ஆள், தன்ர கைக்கு எட்டுமெண்டு நியாயமா எதிர்பாக்கக்கூடிய காசையும் வருமானமாக் காட்டலாம். 21 க்குக் கீழ எண்டா அந்தச் சலுகை இல்லை.

கண்டி வீதியில பரந்தனில இருந்து ஓமந்தை மட்டும் இருக்கிற எந்த வங்கிக் கிளைக்கும் அந்த விதி ஒட்டாது. இஞ்ச இலங்கையில படிவம் கேக்கிறது உங்கட மாத வருமானம். அதுக்குச் சாட்சியா கடைசி 3 மாதச் சம்பளச் சிட்டை, வேலை உறுதிக் கடிதம், வங்கிக் கூற்று. சிட்டையில உங்கட பேர் இல்லாட்டி அந்த இலக்கம் உங்கட இலக்கமில்லை. இதில விவாதிக்க ஒண்டுமில்லை.

மாங்குளத்தாள்:
விவாதிக்க ஒண்டுமில்லையெண்டு சொல்லிக்கொண்டு முழ நீளத்துக்கு எழுதியிருக்கிறியள். சந்தோசம்.

படிவத்தை வடிவாப் பாத்தனியளோ? கனக்கப் படிவத்தில மாதச் சம்பளத்துக்குக் கீழ "ஏனைய வருமானம்" எண்டும் ஒரு பெட்டி கிடக்கு. மனுசன் கட்டாரில எண்டு வைப்பம். மாதாமாதம் 120,000 ரூபா மனுசியின்ர சேமிப்புக் கணக்கில விழுது. கணக்கு அவவின்ர பேரில, புத்தகம் அவவின்ர அலுமாரியில, எடுக்கிறதும் அவதான். இப்ப சொல்லுங்கோ, அது ஆற்ற வருமானம்?

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, கணக்கில விழுறது வேற, வருமானம் வேற.

குளக்கட்டு:
பொறுங்கோ கணக்கர். அப்ப நெல்லுக் காசு? பெரும்போகம் வெட்டி மாசி பங்குனியில ஒருக்கா விழும். தண்ணி இருந்தா சிறுபோகம் வெட்டி ஆவணியில இன்னொருக்கா. நடுவில பத்து மாதம் கணக்கு சிறுபோகமில்லா வயல் மாதிரிக் காய்ஞ்சு கிடக்கும். அது விழுறதோ வருமானமோ?

கணக்குப்பிள்ளை:
அது வருமானம். ஆனா மாத வருமானமா மாத்திக் காட்டத் தெரியோணும். பொதுவா 6 மாதக் கூற்றுத்தான் கேப்பினம். புரட்டாதியில இருந்து மாசி நடுப்பகுதி மட்டும் எடுத்துக் குடுத்தா அதில வரவே இராது, உரத்துக்கும் உழவுக்கும் எடுத்த செலவுதான் இருக்கும். படிவம் திரும்பி வரும். 12 மாதக் கூற்று எடுத்து, ரெண்டு போகத்தையும் கூட்டி, செலவைக் கழிச்சு, 12 ஆல பிரிச்சு எழுதோணும். நெல்லைக் காசுக்கு வித்துப்போட்டுக் கையில வைச்சிருந்தா அதுவுமில்லை. யாவாரியிட்ட வங்கிக்குப் போடச் சொல்லுங்கோ.

குளக்கட்டு:
யாவாரி வங்கிக்குப் போடுவானாம். கணக்கர் கடைசியா எப்ப வரம்பில நடந்தவர்?

மாங்குளத்தாள்:
கேள்விக்குப் பதில் வரேல்லை. நெல்லை விதைச்சது மனுசன். காசு வருமானமாம். கட்டார்க் காசும் மனுசன் உழைச்சதுதான். அது மனுசியின்ர கணக்கில விழுந்தா வருமானமில்லையாம். நீங்கள் தலையில வைச்சுக் கூத்தாடுற அந்த 2013 திருத்தத்தின்ர விளக்கவுரையை வாசிச்சனியளோ? அதிலயே உதாரணம் கிடக்கு. மற்ற ஆளின்ர சம்பளம் விண்ணப்பக்காரரும் சேர்ந்த கூட்டுக் கணக்கில விழுந்தா அது எட்டக்கூடிய காசு. மற்ற ஆள் வழமையா விண்ணப்பக்காரரின்ர கணக்குக்கு மாத்திவிட்டாலும் எட்டக்கூடிய காசு. வழமையா அவரின்ர செலவுகளைக் கட்டிவாறாரெண்டாலும் அப்பிடித்தான். கலியாணம் கட்டியிருக்கோணுமெண்டுகூட இல்லை.

கணக்குப்பிள்ளை:
வாசிச்சனான். அதே விளக்கவுரையில மறுபக்க உதாரணமும் கிடக்கு, அதை ஏன் விழுங்கினனியள்? சம்பளம் மனுசி தொடமுடியாத கணக்கில விழுது, அவவின்ர செலவையும் மனுசன் வழமையாக் கட்டிறேல்லை, பங்கு குடுக்கிற சட்டமும் இல்லையெண்டா, அங்கயும் அது வருமானமில்லை. மனுசன் எண்டு ஒருத்தர் இருந்தாப் போதாது. குரல்பதிவுக்காரர் விட்ட பிழையே அதுதான். அமெரிக்க விதியையும் அரைவாசிதான் சொன்னவர்.

இன்னொண்டு. அங்கத்தப் படிவத்தில மொத்த ஆண்டு வருமானம் எண்டு ஒரு இலக்கம் எழுதுறதுதான், அனேகமாச் சிட்டை கேக்காயினம். கேக்கேல்லை எண்டதுக்காகப் பொய் எழுதினா அது மத்திய அரசின்ர குற்றம். உச்சத் தண்டனை 30 வருசம், 10 லட்சம் டொலர் தண்டம். இஞ்ச நேர்மாறு, எழுதுறதெல்லாத்துக்கும் கடதாசி வேணும். ரெண்டையும் ஒரு சட்டிக்குள்ள போட்டுக் கிண்டாதையுங்கோ.

ஸ்காபரோ_முல்லை:
இஞ்ச கனடாவில சில காட்டுக்குத் தனியாள் வருமானம், வீட்டு வருமானம் எண்டு ரெண்டையும் பாக்கிறவை. விசா இன்பினிற் எண்டா தனியாளுக்கு வருசம் 60,000 டொலர், இல்லாட்டி வீட்டுக்கு 100,000. மாஸ்ரர்காட் வேர்ல்ட் எலீற்றுக்கு 80,000 அல்லது 150,000. மனுசி வேலைக்குப் போகாட்டியும் மனுசன்ர வருமானம் 150,000 எண்டா அவவின்ர பேரில கேக்கலாம். இது ஒளிச்சுச் செய்யிற வேலையில்லை, நிபந்தனையிலயே எழுதியிருக்கு. ஊரில இன்னும் பழைய காலத்திலயே நிக்கிறியள்.

குளக்கட்டு:
வந்திட்டார். அண்ணை, முள்ளியவளையில 150,000 டொலர் வருமானமுள்ள வீடு ஒண்டைக் காட்டுங்கோ, நான் வந்து வேலி அடைச்சுத் தாறன்.

ஸ்காபரோ_முல்லை:
தகவல் சொன்னா நக்கல். போன மாதம் லீசிங் திரியிலயும் உதே கதைதான் கதைச்சனீர், மறக்கேல்லை.

குளக்கட்டு:
லீசிங் திரியில நீங்கள் சொன்ன வட்டிக் கணக்குப் பிழையெண்டு நிரூபிச்சது ஆரெண்டும் மறந்திருக்க மாட்டியள்.

நெளுக்குளம்:
சண்டையை விட்டிட்டு வழியைச் சொல்லுங்கோவன். மனுசன்ர காட்டில ஒரு துணை அட்டை எடுத்தாச் சரிதானே? மனுசிக்கும் கிரிப்பில, அதுதான் கடன் விவரம் பதியிற பணியகத்தில, பேர் ஏறும். பிறகு அதைக் காட்டித் தனிக் காட் எடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, இல்லை. துணை அட்டையில மனுசியின்ர பேர் அச்சடிச்சிருக்கும், ஆனாக் கடன் முதன்மை அட்டைக்காரரின்ர பேரிலதான் நிக்கும். எல்லையும் ஒண்டுதான். 200,000 எல்லையில மனுசி 50,000 க்குச் சாமான் வாங்கினா மனுசனுக்கு மிச்சம் 150,000. அவர் கட்டத் தவறினா கிரிப்பில அவரின்ர பேர்தான் கெடும், ஒழுங்காக் கட்டினா நல்ல பேரும் அவருக்குத்தான். 1990 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கச் சட்டத்தில வந்த கொடுகடன் தகவல் பணியகம் அது. கடன் ஆரின்ர பேரில எண்டதைத்தான் அது பதியும்.

கிரிப்பில வேற ஒண்டும் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. பிணை நிண்ட கடனும் அதில வரும். பக்கத்து வீட்டுத் தம்பியின்ர உழவு இயந்திர லீசிங்குக்கு மனுசி கையெழுத்துப் போட்டிருந்தா, அவன் மூண்டு தவணை விட்டா இவவின்ர அறிக்கையிலயும் அது தெரியும். பிறகு கிரெடிட் காட் ஏன் வரேல்லையெண்டு வங்கிக்காரரைத் திட்டுவினம். ஒரே நேரத்தில நாலு வங்கிக்குப் போட்டாலும் நாலு விசாரிப்பும் அறிக்கையில கிடக்கும்.

நெளுக்குளம்:
எனக்குத் தெரிஞ்சமட்டில பேர் ஏறும்.

கணக்குப்பிள்ளை:
உமக்குத் தெரிஞ்சமட்டு அவ்வளவுதான்.

மாங்குளத்தாள்:
ஒரு சிட்டை கூடக் குறைஞ்சா மனுசன்ர வாலைப் பிடிச்சுக்கொண்டு துணை அட்டை எடு எண்டுதானே எல்லாரும் வாறியள். சரி, சட்டம் கதைப்பம். எங்கட பழைய வழக்கச் சட்டமான தேசவழமையில தேடிய தேட்டம் எண்டு ஒண்டு இருக்கு. கலியாணத்துக்குப் பிறகு உழைச்சுச் சேர்த்ததில ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில எழுதி, 1947 இல திருத்தினது. அமெரிக்க விளக்கவுரையில "பங்கு குடுக்கிற சட்டம்" எண்டு நீங்களே சொன்னியள், இது எங்கட பங்கு குடுக்கிற சட்டம். அப்ப கட்டார்ச் சம்பளத்திலயும் பாதி மனுசியினது. 120,000 இல 60,000 அவவின்ர வருமானம். கணக்குச் சரியோ கணக்குப்பிள்ளை?

நெளுக்குளம்:
தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்கு. வன்னிக்கு என்னத்துக்கு?

மாங்குளத்தாள்:
வட மாகாணத் தமிழருக்குத்தான். நீர் எந்த மாகாணம்?

குளக்கட்டு:
1707 இல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்து முதலிமாரைக் கேட்டு எழுதின புத்தகம். அடங்காப்பற்றெண்ட எங்கட வன்னியை ஆரும் கேட்டவையோ? எங்கட வழக்கத்தை எழுத ஆருமில்லை, வரியெடுக்க மட்டும் வந்தவை.

ஸ்காபரோ_முல்லை:
இதில மட்டும் குளக்கட்டுவோட ஒத்துப்போறன்.

கணக்குப்பிள்ளை:
தேசவழமையோ ஒல்லாந்தரோ, படிவம் போய் நிக்கிறது கொழும்பில. கிளைக்காரர் வாங்கி அனுப்புறதுதான், தீர்மானம் தலைமையகத்து அட்டைப் பிரிவில. அங்க இருக்கிற பெடியனுக்குத் தேடிய தேட்டம் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது ஒரு கேள்வி: இந்த ஆள் காட் கட்டாட்டி நான் ஆற்ற சம்பளத்தைப் பிடிக்கிறது? கட்டாரில ஒப்பந்தம் முடிஞ்சு மனுசன் வந்து இறங்கினா, அடுத்த மாதம் அந்த 120,000 எங்க? அதுதான் திரும்பத் திரும்பச் சொல்லுறன், கணக்கில விழுறது வேற, வருமானம் வேற. பாதியென்ன, கால்வாசியும் எழுதேலாது.

மனுசியின்ர பேரிலயே காட் வேணுமெண்டா நேர்வழி ரெண்டு இருக்கு. ஒண்டு, நிலையான வைப்பு. வைப்பை வங்கி பிடிச்சு வைச்சுக்கொண்டு அதில ஒரு பங்குக்கு எல்லை போடும். 300,000 வைச்சா 300,000 முழுசா வராது. சம்பளச் சிட்டை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனா காட்டை மூடிக் கணக்கு முடிக்குமட்டும் வைப்பை எடுக்கேலாது, மகளின்ர கலியாணத்துக்கெண்டு வைச்ச காசை உதில கட்டாதையுங்கோ. வைப்பு ரெண்டு பேரின்ர பேரிலயும் எண்டா ரெண்டு கையெழுத்தும் வேணும். ஒருத்தர் வெளிநாட்டில எண்டா அற்றோணித் தத்துவம் (அவருக்குப் பதிலாக் கையெழுத்துப் போடுற அதிகாரப் பத்திரம்) கேப்பினம், அந்த அற்றோணியில வைப்பை ஈடுவைக்கிற அதிகாரம் எழுதியிருக்கோணும். காணிக்கு மட்டும் எழுதின அற்றோணியைக் கொண்டுபோய் நீட்டினாத் திருப்பி அனுப்புவினம்.

மற்றது, மனுசியின்ர சொந்த உழைப்பைக் கடதாசியில கொண்டுவாறது. தையலோ, மாவு அரைச்சு விக்கிறதோ, கோழியோ, பிரதேச செயலகத்தில வியாபாரப் பேர் பதிஞ்சு, விக்கிற காசைக் கையில வைச்சுச் செலவழிக்காமல் கிழமைக்கொருக்காக் கணக்கில போட்டு எடுக்கோணும். 6 மாதம். விண்ணப்பிக்க முதல் கிழமை ஆரிட்டயோ கைமாத்து வாங்கி 300,000 ஐக் கொண்டுபோய்க் கொட்டுறவை இருக்கினம். கூற்றைப் பாக்கிறவனுக்கு அது வெள்ளைச் சாரத்தில சேறு தெறிச்ச மாதிரித் தெரியும். கிழமைக்கு 9,000, 11,000, 8,500 எண்டு வந்திருந்தா அதுதான் நம்பிக்கை.

விலாசமும் கவனம். அடையாள அட்டையில பழைய விலாசம், மின்சாரப் பில் மாமனாரின்ர பேரில, படிவத்தில மூண்டாவது விலாசம். எங்கட பக்கம் இடம்பெயர்ந்து திரும்பிக் குடியேறினதில முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் நிலை. கிராம சேவகரின்ர வதிவிடச் சான்றிதழை முதலே இணைச்சு விடுங்கோ.

மாங்குளத்தாள்:
ரெண்டாவது வழி நல்ல வழி. ஆனா நான் கேட்டது அதில்லை. மனுசி கோழி வளத்து 9,000 போட்டா வருமானம். அதே கணக்கில மனுசன் 120,000 போட்டா வெறும் வரவு. தீன் வாங்கினது ஆற்ற காசு? அந்த 120,000 இல எடுத்ததுதானே?

கணக்குப்பிள்ளை:
ஓம், தீன் வாங்கின காசு மனுசன்ர காசு. கோழி மனுசியின்ர கோழி.

குளக்கட்டு:
முட்டை ஆற்ற?

நெளுக்குளம்:
தீன் கதையை விடுங்கோ. காட்டில ஏரிஎம்மில காசு எடுத்து உரம் வாங்கலாமோ? 50 நாள் வட்டியில்லையெண்டு சொல்லுறாங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த நாள்கணக்கு கடையில தேய்க்கிறதுக்கு. ஏரிஎம்மில எடுத்தா எடுத்த நாளில இருந்து வட்டி ஓடும், எடுக்கிறதுக்குக் கட்டணம் வேற. உரத்துக்குக் காட் தேய்க்கிற கடை இருந்தா அங்க வாங்கும். ஆகக்குறைஞ்ச தொகையெண்டு 100,000 க்கு 5,000 மட்டும் கட்டிக்கொண்டு வந்தாலும் மிச்சத்துக்கு வட்டிதான்.

ஸ்காபரோ_முல்லை:
இஞ்சயும் அப்பிடித்தான்.

குளக்கட்டு:
கனடா சொல்லிப்போட்டுது, இனி உறுதி.

மாங்குளத்தாள்:
கணக்குப்பிள்ளை, "தங்கச்சி" எண்டு தலையில தடவினதுக்கும் பதில் கிடக்கு, அதைப் பிறகு பாப்பம். கடைசியாக் கேக்கிறன். காட் வந்து மனுசி கட்டாமல் விட்டா, வங்கி அதே கணக்கில கிடக்கிற அந்த 120,000 ஐ எடுக்குமோ எடுக்காதோ?

கணக்குப்பிள்ளை:
கணக்கு அவவின்ர பேரில எண்டா, கையெழுத்திட்ட நிபந்தனைப்படி எடுக்கும்.

மாங்குளத்தாள்:
எடுக்கேக்க அவவின்ர காசு. எழுதேக்க மனுசன்ர காசு.

கணக்குப்பிள்ளை:
கணக்கில விழுறது வேற, வருமானம் வேற. நாளைக்குப் படிவத்தைப் படமெடுத்துப் போடுறன், "ஏனைய வருமானம்" எண்ட பெட்டிக்குக் கீழ சின்ன எழுத்தில என்ன கிடக்கெண்டு கண்ணாடியைப் போட்டுப் பாருங்கோ.

மாங்குளத்தாள்:
போடுங்கோ. பின்பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கோ.