மொன்டானால கார் இல்லாத மலை ரோடு, ஈஸியான சைக்கிள் ரைடு

சங்கிலி_கழண்டவன்:
போன மே மாசம் அமெரிக்காவுல மொன்டானால இருக்குற கிளேசியர் நேஷனல் பார்க் போயிருந்தோம். அங்க மலை மேல ஏறுற கோயிங்-டு-தி-சன் ரோட்டுல பனி அள்ளி முடிக்குற வரைக்கும் மேல கார் விடமாட்டாங்க, கேட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளும் நடக்குறவங்களும் மட்டும்தான். அவலாஞ்ச்ங்குற இடத்துகிட்ட ஆரம்பிச்சு லூப்ங்குற கொண்டை ஊசி வளைவு வரைக்கும் மிதிச்சோம், எஞ்சின் சத்தமே இல்ல, ஓடை ஓடுறதும் பாறையிலேர்ந்து தண்ணி சொட்டுறதும்தான் காதுல விழுது. நடுவுல ஒரு டன்னல், அதுல ஜன்னல் மாதிரி ரெண்டு திறப்பு வச்சிருக்காங்க, அதுவழியா ஹெவன்ஸ் பீக்ங்குற மலை தெரியும் பாருங்க, அப்படியே நின்னுட்டோம். வருஷக்கணக்கா சைக்கிளத் தொடாத எங்க வீட்டம்மாவே வந்துட்டாங்க. யார் வேணா போலாம்.

மூச்சுவாங்கி:
"யார் வேணா"ங்குறத வாபஸ் வாங்குங்க சார். இதே மாதிரி ஒரு பதிவப் படிச்சிட்டுத்தான் நானும் கிளம்பினேன், அதுல ரோட்டோட உச்சியில இருக்குற லோகன் பாஸ் கணவாய் வரைக்கும் ஜாலியா போலாம்னு இருந்துச்சு. அவலாஞ்ச்லேர்ந்து அது 16 மைல், ஏற்றம் மட்டும் 3,000 அடிக்கு மேல. லூப் தாண்டினா ஏற்றம் விடவே விடாது, பாதி வழியில இறங்கி சைக்கிளத் தள்ளிட்டுப் போனேன், ஒரு தாத்தா என்னை ஓவர்டேக் பண்ணிட்டு "குட் மார்னிங்" வேற சொல்லிட்டுப் போறாரு.

சங்கிலி_கழண்டவன்:
நான் லூப்னுதானே எழுதினேன், லோகன் பாஸ்னு எங்க சொன்னேன்? அந்த 8 மைல்ல முக்கால்வாசி ஓடைய ஒட்டியே போகும், ஏறுறதே தெரியாது. அதுக்கு மேலயும்கூட 6 சதவீத சாய்வுதான். முதல்ல போட்ட பிளான்ல 15 கொண்டை ஊசி வளைவு இருந்துச்சு, தாமஸ் வின்ட்னு ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்தான் மலைச்சுவர ஒட்டியே கொண்டுபோலாம்னு சொல்லி ஒரே வளைவா குறைச்சாரு, அந்த ஒண்ணுதான் லூப். 1932ல முடிச்ச ரோடு, இன்னிக்கும் அதே வளைவுதான்.

மூச்சுவாங்கி:
அது கார் ஏறுறதுக்குப் போட்ட கணக்கு, என் முட்டிக்குப் போட்டது இல்ல. 6 சதவீதம் கேக்க சின்னதா இருக்கும், 8 மைல் விடாம மிதிச்சுப் பாருங்க அப்புறம் பேசலாம்.

கரடிக்கு_வணக்கம்:
ரெண்டு பேரும் ஏறுறதப் பத்தியே சண்டை போடுறீங்க, எனக்குப் பயமே இறங்குறதுதான். கார் இல்லங்குறதால கரடியும் ரோட்டுலயே நடக்குது, கருங்கரடி, கிரிஸ்லி ரெண்டும் உண்டு. சைக்கிள் சத்தமே போடாது, நாம வேகமா வளைவுல திரும்பினா அதுக்கும் ஷாக் நமக்கும் ஷாக். வளைவுக்கு வளைவு சத்தம் போட்டுக்கிட்டே மெதுவா இறங்குங்க, கரடிய விரட்டுற பேர் ஸ்ப்ரேய பைக்குள்ள பூட்டி வைக்காம கைக்கு எட்டுற மாதிரி ஹேண்டில்ல மாட்டுங்க. அப்புறம் கிளவுஸ். ஏறும்போது வேர்த்த சட்டையோட பனிக்காத்துல இறங்கினா விரல் மரத்துப்போகும், பிரேக் பிடிக்கவே வராது, எனக்கு அனுபவம்.

பேட்டரி_பாண்டி:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு, இ-பைக் எடுத்துட்டுப் போலாமே?

சங்கிலி_கழண்டவன்:
போலாம், ஆனா மிதிச்சா உதவி பண்ற டைப்தான், மிதிக்காம வெறும் த்ராட்டில்ல ஓட்டக்கூடாது.

கரடிக்கு_வணக்கம்:
கிளம்புறதுக்கு முன்னாடி பார்க் வெப்சைட்ல ரோடு நிலவரம் பாத்துடுங்க. பனி அள்ளுற ஆளுங்க வேலை செய்ற நேரத்துல கீழேயே நிறுத்திடுவாங்க, சனி ஞாயிறுன்னா இன்னும் கொஞ்சம் மேல வரைக்கும் விடுவாங்க. பனிச்சரிவு அபாயம்னா அதுவும் கிடையாது.

மூச்சுவாங்கி:
பாத்தீங்களா, ஒரு "ஈஸி" ரைடுக்கு எத்தன கண்டிஷன்னு.

சங்கிலி_கழண்டவன்:
சரி விடுங்க, தலைப்ப "லூப் வரைக்கும் ஈஸி"ன்னு மாத்திடுறேன், போதுமா?

மூச்சுவாங்கி:
டன்னல் வரைக்கும்னு போடுங்க. லூப்புக்கு நான் ஒத்துக்கமாட்டேன்.