வேஸ்ட்கேட்டுக்கு என்ன சொல்? 'கழிவு வாயில்' வேண்டாம், 'மறுகால் கதவு' என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் டர்போசார்ஜருக்கு 'சுழலூட்டி' என்பதில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம். எனக்கும் சம்மதம். டர்பைனைச் சுழலி என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அது எஞ்சினுக்குக் காற்றை ஊட்டுகிறது, சொல்லும் சின்னது. பெல்ட்டிலோ பற்சக்கரத்திலோ எஞ்சினே சுற்றிவிடும் சூப்பர்சார்ஜருக்கு 'மிகையூட்டி' என்று வைத்துவிட்டால் இரண்டும் குழம்பாது. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை வாங்கியது முதல் இன்றுவரை அடிப்படை ஒன்றுதான்: வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. 'சுழலூட்டி' அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

நான் எழுத வந்தது வேஸ்ட்கேட் பற்றி, அதாவது சுழலூட்டி அளவுக்கு மேல் வேகமெடுக்காமல் தடுக்கும் சின்னக் கதவைப் பற்றி. முந்தைய மடலில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> வேஸ்ட் என்றால் கழிவு, கேட் என்றால் வாயில். 'கழிவு வாயில்' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகக் கூடாது. எஞ்சினிலிருந்து வெளிவருவதை எல்லாமே நாம் கழிவுப் புகை, கழிவு வாயு என்றுதான் எழுதுகிறோம். அப்படியிருக்க, படிக்கிற பையன் 'கழிவு வாயில்' என்றால் என்ன நினைப்பான்? சைலன்சரின் கடைசி ஓட்டையைத்தான் நினைப்பான். உண்மையில் இந்தக் கதவு இருப்பது சுழலிச் சக்கரத்துக்கு முன்னால், பெரும்பாலும் சுழலூட்டிக்கு உள்ளேயே. அதன் வேலை கழிவை வெளியேற்றுவது இல்லை. தேவைக்கு மேல் வரும் புகையைச் சக்கரத்தில் படவிடாமல் பக்கவழியாகத் திருப்பிவிடுவது. திருப்பாமல் விட்டால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டி ஓடும் அந்தச் சக்கரம் இன்னும் வேகமெடுக்கும், உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம் எகிறும், கடைசியில் ஹெட் கேஸ்கெட்டோ பிஸ்டனோ போகும்.

நம் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சொல் கைவசம் இருக்கிறது. குளம் நிறைந்து, அதற்கு மேல் வரும் தண்ணீர் கரையை உடைக்காமல் தானாகப் பக்கவழியில் போவதை நாம் 'மறுகால் பாய்கிறது' என்போம். நாங்குநேரிப் பக்கம் மறுகால்குறிச்சி, சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலை என்று ஊர்ப் பெயராகவே நிற்கிற சொல் இது (மறுகால்தலை மலையில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு இருப்பது குழுமத்தில் பலருக்குத் தெரிந்திருக்கும்). வெள்ளைக்காரர் காலத்துப் பொதுப்பணித் துறையினர் இதே அமைப்பை ஆங்கிலத்தில் 'வேஸ்ட் வியர்' என்று எழுதி வைத்தார்கள். வேஸ்ட்கேட் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் முதலில் மிகைத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகைக் குறித்ததுதான், எஞ்சினுக்குப் பிறகே வந்தது. ஆக 'வேஸ்ட்' என்று அவர்கள் சொன்னது நிறைந்து மிஞ்சியதை. அதைக் கழிவு என்று பெயர்த்தால் பொருளே மாறிப்போகிறது. நான் முன்வைப்பது 'மறுகால் கதவு'.

இதற்கு வந்த மறுப்புகளில் மூன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

> மறுகால் தென்மாவட்டச் சொல். காஞ்சிபுரம் பக்கம் கலங்கல் என்போம். அதையே வைக்கலாமே?

தாராளமாக வைக்கலாம், ஆனால் கலங்கல் என்றால் தெளிவில்லாத தண்ணீர் என்ற பொருளும் சேர்ந்து வரும். எஞ்சின் பாடத்தில் 'எண்ணெய் கலங்கல்' என்று வேறோர் இடத்தில் வந்தால் மாணவன் தடுமாறுவான். வடக்கே 'ஏரி கோடி போகிறது' என்பதும் அழகான வழக்குதான், ஆனால் கோடிக்கு ஏற்கெனவே எண்ணும் முனையும் பொருளாக இருக்கின்றன. மறுகாலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கேள்விப்படாத ஊர்க்காரரும் 'மறு', 'கால்' என்று பிரித்து, இன்னொரு வாய்க்கால் என்று புரிந்துகொள்ளலாம்.

> கலிங்குதான் கட்டுமானம், மறுகால் என்பது அதில் வழிந்து ஓடும் ஓடை. கதவுக்கு ஓடையின் பெயரை வைப்பது சரியா அண்ணாச்சி?

நல்ல கேள்வி தம்பி. அதனால்தான் வெறும் மறுகால் என்று நிறுத்தாமல் மறுகால் கதவு என்கிறேன். சுழலூட்டியின் இரும்புக் கூட்டைக் கழற்றிப் பார்த்தால் சக்கரத்துக்குப் போகும் பெரிய வழிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத் துளை தெரியும், அதுதான் மறுகால். அதன்மேல் மூடி போல உட்கார்ந்திருக்கும் வில்லைதான் கதவு. வழிக்கு ஒரு பெயர், மூடிக்கு ஒரு பெயர். துளை கூட்டுக்குள்ளேயே இருந்தால் உள்மறுகால், தனிக் குழாயாக வெளியே இருந்தால் புறமறுகால். வழிந்த தண்ணீர் வீணாகாமல் அடுத்த குளத்துக்குப் போவது போல, உள்மறுகாலில் திரும்பிய புகையும் சக்கரத்தைத் தாண்டி மறுபடி அதே குழாயில்தான் சேர்கிறது.

> குளத்தில் நிறைவதும் வழிவதும் ஒரே தண்ணீர். இங்கே கதவைத் திறக்க வைப்பது உள்ளே போகும் காற்றின் அழுத்தம், வழிவதோ வெளியே போகும் புகை.

இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அழுத்தப்பட்ட காற்றிலிருந்து ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் பிரிந்து ஒரு டப்பாவுக்குப் போகிறது. டப்பாவுக்குள் ஒரு சவ்வும் அதை எதிர்த்து ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. காற்றழுத்தம் ஸ்பிரிங்கை வென்றதும் சவ்வு நகர்ந்து ஒரு ராடைத் தள்ள, ராடு கதவைத் திறக்கிறது. இந்த டப்பாவுக்கு, ஒர்க்‌ஷாப்பில் ஆக்சுவேட்டர் என்கிறார்களே அதற்கு, 'மறுகால் இயக்கி' என்று தனிப்பெயர் கொடுத்தால் வேறுபாடு தெளிவாகிவிடும். எந்த அழுத்தத்தில் கதவு திறக்கத் தொடங்குகிறதோ அது 'மறுகால் மட்டம்'. சுழலூட்டி உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஆங்கிலத்தில் பூஸ்ட் என்பதை, 'ஊட்டழுத்தம்' என்று சொல்லலாம்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாட வேறு காரணமும் உண்டு. என்னிடம் இருப்பது பழைய டாடா இண்டிகோ மரினா, 1405 சிசி டர்போ டீசல். 2004இல் வந்த அந்த நீள டிக்கி வண்டியை இப்போது சாலையில் பார்ப்பதே அபூர்வம். பின்சீட்டை மடக்கினால் வாழைத்தார் ஏற்றலாம், உடன்குடியிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் கொண்டுவரலாம், அதற்காகவே விற்க மனம் வரவில்லை. ஆடி மாதக் காற்றில் காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் எதிர்க்காற்று வண்டியைப் பிடித்து நிறுத்தும், அங்கே சுழலூட்டி இல்லாத பழைய டீசலில் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியதுதான். மரினாவில் ஊட்டழுத்தம் வந்து தாங்கிக்கொள்ளும். அப்படித் தாங்கிய வண்டி ஒரு நாள் இழுவை இல்லாமல் கறுப்புப் புகை தள்ள ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் ஹோஸைக் கழற்றி, அளவுமானி பொருத்திய கைப்பம்பை டப்பாவில் மாட்டி மெதுவாக அழுத்தினார்கள். முள் ஏறுகிறது, ராடு அசையவே இல்லை. கதவின் கீல் துருவும் கரியும் ஏறித் திறந்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது. மறுகால் மூடவில்லை என்றால் குளம் எப்படி நிறையும்?

கீலைச் சரிசெய்து ராடு வழுக்கிக்கொண்டு போய் வந்ததைப் பார்த்த பிறகு மெக்கானிக் தம்பி கேட்டார்: "ராடுல ரெண்டு சுத்து இழுத்து வச்சிருதேன் அண்ணாச்சி, மலையில சும்மா பறக்கும்." ராடின் முனையில் மரையும் நட்டும் இருக்கிறது. அதை முறுக்கி ராடைக் குட்டையாக்கினால் கதவு கூடுதல் இறுக்கத்தில் மூடிக்கொள்ளும், திறப்பதற்கு அதிக அழுத்தம் வேண்டும், அதனால் ஊட்டழுத்தம் கூடும். பழைய டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான மாற்றம் கிடையாது, ஒரு ஸ்பானர் போதும். நான் வேண்டாம் என்றேன். கலிங்கில் நிற்கும் குத்துக்கற்களுக்கு நடுவே பலகை சொருகி, மண் அணைத்து, ஒரு முழம் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவதும் இதே வேலைதான். மழை ஓய்ந்த கடைசியில், கரையின் வலு தெரிந்தவர் செய்தால் ஒரு போகத்துக்கு உதவும். ஐப்பசி கார்த்திகையில் செய்தால் ஊரே போய்விடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்தப் பக்கம் குளங்கள் உடைந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ராடைக் குட்டையாக்குவதை 'மறுகாலில் பலகை போடுவது' என்று பாடப் புத்தகத்தில் எழுதுங்கள். பேட்டை அரசு ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்க வருகிற பையன்களில் எத்தனையோ பேர் குளத்துப் பாசன ஊர்களிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே ஆசையும் ஆபத்தும் சேர்ந்து விளங்கிவிடும். மின்னணுக் கட்டுப்பாடு வந்த வண்டிகளில் அழுத்தம் எகிறினால் கணினி டீசலைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்றிவிடும். அதற்கு முந்தைய வகைகளில் அந்தக் காவல் கிடையாது. ஹோஸ் ஒன்று வெடித்து டப்பாவுக்குக் காற்று போகாவிட்டாலே கதவு திறக்காமல் இருந்துவிடும். பழைய வண்டிகளையே தொட்டுப் பழகப்போகும் பையனுக்கு 'கழிவு வாயில்' என்ற பெயர் இதில் எதையும் சொல்லாது.

ஒரு எல்லையையும் வைத்துக்கொள்வோம். பெட்ரோல் டர்போ வண்டிகளில் கால் எடுத்ததும் 'புஸ்' என்று சத்தம் வருமே, அந்த புளோ-ஆஃப் வால்வை மறுகாலோடு சேர்க்க வேண்டாம். அது திறந்துவிடுவது புகையை இல்லை, உள்ளே போகும் காற்றை. அதற்கு 'ஊட்டழுத்தப் போக்கி' பொருத்தம். நீர்ப்போக்கி ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

ஆயில் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரியங்காவு மலை ஏறி நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள், ஒரு நிமிடமாவது ஐடிலில் ஓடட்டும். சுழலூட்டியின் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது. சூட்டோடு எஞ்சினை அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, அங்கே தேங்கியது கருகிக் கரியாகப் படியும். இதற்கு 'எண்ணெய்க் கருகல்' என்று பட்டியலில் சேர்த்திருக்கிறேன், யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மறுகால் கதவு, மறுகால் இயக்கி, மறுகால் மட்டம், உள்மறுகால், புறமறுகால், ஊட்டழுத்தம், ஊட்டழுத்தப் போக்கி ஆகியவற்றுக்கு வரும் ஞாயிறு வரை கருத்து சொல்லுங்கள். அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடலாம். டர்போ லேக் பற்றிப் பேச இதே இழையை இழுக்க வேண்டாம், யாராவது தனி இழை தொடங்குங்கள். அங்கே நான் வைக்கப்போவது 'ஊட்டுச் சுணக்கம்'. தாமதம் என்றால் வண்டி நேரங்கழித்து வந்ததைப் போல இருக்கிறது, மிதித்த பிறகு ஒரு நொடி வண்டி யோசிப்பதைச் சுணக்கம்தான் சொல்கிறது.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து