சூப் வாங்குன குடும்பம்னு இன்னும் சொல்றாங்களே, நியாயமா?

கார்க்வாசி:
அயர்லாந்து, மேற்கு கார்க்ல வேலைக்கு வந்து மூணு வருஷம். பக்கத்து வீட்டுப் பெரியவர் டீ குடிச்சுட்டே ஒரு வீட்டக் காட்டி "அவங்க சூப்பர்ஸ்"னாரு, நான் பாராட்டுறாருன்னு நெனச்சு தலையாட்டிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, 1845ல உருளைக்கிழங்கு அழுகி பஞ்சம் வந்தப்ப சூப்புக்காக கத்தோலிக்கத்த விட்டு புராட்டஸ்டன்ட் ஆனவங்களாம். இன்னுமா இத ஞாபகம் வெச்சிருப்பாங்க?

பழையசோறு:
ஊர் வாய் அப்படித்தான். 1847 கோடைல அரசாங்கம் தொறந்த கொட்டகைல தினம் 30 லட்சம் பேர் சூப் வாங்குனாங்க, மதம் கேக்கல. குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவப் பிரிவும் கொப்பரை வெச்சாங்க, மதம் மாத்தல. அக்கில் தீவு புராட்டஸ்டன்ட் மிஷன் மாதிரி சிலர் மேலதான் சூப் குடுத்து மதம் மாத்துனதா புகார், அதுக்காக சூப்பையே திட்டுனா எப்படி?

கரிசக்காடு:
30 லட்சம்னு ஈஸியா சொல்லிட்டீங்க. நேத்து வரைக்கும் சொந்தமா கெழங்கு போட்டவன் இன்னிக்கு ஊரே பாக்க தூக்குவாளியோட வரிசைல நிக்கணும், அந்தக் கூச்சம் எந்தக் கணக்குல வரும்? அதையும் அந்த வருஷமே மூடிட்டு ஏழைகள அடைச்சு வேலை வாங்குற ஒர்க்ஹவுஸுக்குப் போன்னாங்க, கால் ஏக்கருக்கு மேல நெலம் இருந்தா நிவாரணம் கெடயாது, நெலத்த விட்டுட்டு வான்னு சட்டம் வேற. மேயோ மாவட்டத்துல 1849ல லூயிஸ்பர்க் ஜனங்கள நிவாரணத்துக்காக டெல்ஃபி லாட்ஜ்ங்கற மாளிகை வரைக்கும் நடக்க விட்டாங்க, வழிலயே செத்தாங்க.

பழையசோறு:
அட நானும் அதத்தாங்க சொல்றேன், போட்டது தப்பில்ல நிறுத்துனது தப்பு. ஆனா ஊர்க்கதைல திட்டு வாங்குறது வாங்கிக் குடிச்சவன்! 1945ல நாட்டார் வழக்கு ஆணையம் ஊர் ஊரா பஞ்சக்கதை சேத்துச்சு, அதுல எங்க வீட்ல பானை வெச்சு ஊருக்கே ஊத்துனோம்ங்கற மாதிரி கதைங்க வருது, சூப் வாங்குனது எப்பவும் பக்கத்து வீடு. எல்லாரும் குடுத்தவங்கன்னா வாங்குனது யாரு?

கரிசக்காடு:
செத்தவனுக்கு கதை சொல்ல பேரன் ஏது? பத்து லட்சம் பேருங்க. நிவாரணத்த லண்டன்லேருந்து இறுக்கிப் புடிச்ச அதிகாரி டிரெவெல்யன் 1859ல நம்ம மெட்ராஸுக்கே கவர்னரா வந்தாரு, அவர விட்டுட்டு பசில வாங்குனவன திட்டுறது கேவலம்தான், அத ஒத்துக்கறேன்.

கார்க்வாசி:
இன்னிக்கு பெரியவர்கிட்டயே கேட்டேன், அப்ப உங்க வீட்ல என்ன சாப்ட்டாங்கன்னு. பிஸ்கட் தட்ட என் பக்கம் தள்ளிட்டு மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டாரு.